தலை எண்ணெயில் ஒரு கிறிஸ்துமஸ்

எங்கள் கம்பெனிக்குக் கிறிஸ்துமஸ் ஜூலையிலேயே வந்துவிடும். திருப்பூருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் இது மட்டும் எனக்குப் பழகவில்லை. வெளியே புழுக்கம்; என் செக்கிங் மேசை முழுக்கச் சிவப்பு நைட் டிரஸ், நெஞ்சில் கொம்பு மான். டிசம்பரில் அதே மேசையில் கோடைக்குப் போடும் கையில்லாத பனியன் ஓடும். போன ஜூலையில், ஒரு மானின் கண்ணில் விட்டுப்போன தையலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் சுரீரென்று உறைத்தது. எங்கோ குளிர்நாட்டுக் குடும்பங்கள் போட்டுக்கொண்டு கூடி உட்காரப்போகும் துணியை இங்கே ஆளுக்கொரு தையலாக லைன் போட்டு முடித்து அனுப்புகிறோமே, நம்முடைய கிறிஸ்துமஸை லைன் போட்டுச் சுட்டெடுக்க முடியாதா?

சுட வேண்டியது முந்திரிக்கொத்து. நாகர்கோவில் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேரில்தான் முந்திரி. வறுத்துப் பொடித்த சிறுபயறையும் தேங்காயையும் வெல்லப்பாகில் பிசைந்து உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டித் தேங்காய் எண்ணெயில் பொரிப்போம். ஒருத்தியால் ஆகிற வேலை இல்லை. ஊரில் அம்மாவோடு சித்திமார், பக்கத்து வீட்டுக்காரிகள் என்று எட்டுப் பேர் உட்கார்வார்கள். அப்பா இறந்த மறு வருஷம் அம்மாவும் நானும் இங்கே வந்தோம். கிறிஸ்துமஸுக்கு லீவு ஒரே நாள்; ஊர் போய்ச் சேரவே ஒரு ராத்திரி ஆகும். மூன்று வருஷமும் பேக்கரி கேக்கை வெட்டி, ஜெபம் பண்ணிவிட்டு அம்மா சுருண்டு படுத்துவிட்டாள். "ஆளில்லாத எடத்துல என்ன பண்டிய, மக்களே?" என்பாள். வாரம் முழுக்கத் தையல் மெஷினில் பறக்கிற அந்தக் கை, பண்டிகை நாளில் மடியில் சும்மா கிடக்கும். எனக்குப் பார்க்கச் சகிக்காது. அந்தக் கையை எழுப்ப வேண்டும். என் திட்டமே அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு என்று நாள் குறித்தேன். முதல் தடங்கல் எண்ணெய். காங்கேயத்தில் மில் மில்லாகத் தேங்காய் எண்ணெய் ஆட்டுகிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் அதை யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை, எல்லாம் கடலை எண்ணெய்தான். ஐந்து லிட்டர் கேட்டதும் கடைக்காரர் என் கூந்தலை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஊட்ல எத்தன பேருங்க?"

"ரெண்டு பேருங்க."

"ரெண்டு தலைக்கு அஞ்சு லிட்டருங்களா?"

"பலகாரஞ் சுடுறதுக்குங்க."

"பாத்துங்க, வவுத்துல முடி மொளச்சரப் போவுது!"

எங்கள் ஆறு வீட்டு வரிசைக்குச் சொந்தக்காரர் தங்கமணி அக்கா. தோட்டம், நிட்டிங் மெஷின் இரண்டும் உள்ள குடும்பம். முற்றத்தில் அடுப்பு மூட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "மூட்டு கண்ணு, நானுங் கூட வாரேன். ஆனா அந்தத் தல எண்ணெப் பலகாரம் மட்டும் எனக்கு வேண்டாஞ் சாமி," என்று கும்பிட்டார்.

ஞாயிறு காலை எங்கள் வரிசைப் பெண்களை வைத்து லைன் தயார். தேனிக்காரி பிசைய, ராமநாதபுரத்து அக்கா தங்கை இருவரும் உருட்ட, கம்பத்து அத்தை மாவில் முக்க, பீகாரிலிருந்து வந்த சுனிதா எண்ணெய்ச் சட்டி முன்னால். நான்தான் சூப்பர்வைசர். ஓர் இடத்திலும் பீஸ் தேங்கக் கூடாது, உருட்டியது உடனே மாவுக்கு, மாவிலிருந்து உடனே எண்ணெய்க்கு என்று கையைத் தட்டித் தட்டி விரட்டினேன். அம்மா வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

முதல் கொத்து எண்ணெயில் விழுந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது போட்டபோது சட்டி முழுக்கப் பயறுக் குழம்பு. சுனிதா கரண்டியோடு "தீதீ, கதம்!" என்றாள்; அக்கா, எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். தங்கமணி அக்கா புடவைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். ஊரில் இருந்த பண்டிகை இங்கே வராது என்று அம்மாவுக்கு நானே நிரூபித்துக் காட்டிவிட்டேனே!

அப்போது வாசற்படியிலிருந்து குரல் வந்தது. "ஏட்டி, பீஸ் தேங்குனா ஒங் கம்பெனியிலதான் ஏசுவாவ. இது தேங்கணும். ஆறி, காஞ்சு, கல்லாட்டம் இருந்தாத்தான் எண்ணெயில நிக்கும். பனியன் பாத்துப் பாத்துப் பண்டமே மறந்துபோச்சாக்கும்?"

அம்மா எழுந்துவிட்டாள். சேலையை இழுத்துச் செருகி, இருந்த உருண்டைகளையெல்லாம் வெள்ளைத் துணியில் பரப்பச் சொன்னாள். அதற்கப்புறம் மூன்று மணி வரை எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை. ஒரே வரிசையில் குடியிருந்தும் நாங்கள் அப்படிச் சேர்ந்து சும்மா உட்கார்ந்தது அன்றுதான். சுனிதா தன் ஊர்ப் பண்டிகைக்குச் சுடும் பலகாரத்தைக் கையால் வரைந்து காட்டினாள். தங்கமணி அக்கா இந்தப் பக்கத்து வெல்லப் பலகாரமான கச்சாயத்துக்கு அரிசி ஆட்டும் பக்குவம் சொன்னார். அம்மா, என் அம்மா, விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று மணிக்கு அம்மாவே எண்ணெய்ச் சட்டி முன்னால் உட்கார்ந்தாள். மஞ்சள் மஞ்சளாகக் கொத்து மிதந்து வந்தது, ஒன்றுகூட உடையவில்லை. சாப்பிடுமுன் எங்கள் வழக்கப்படி நன்றி சொல்ல எல்லோரும் நின்றோம். அம்மா கண்ணை மூடி, ஒவ்வொருவர் பேராகச் சொல்லிவிட்டு, கடைசியில் சொன்னாள்: "ஆண்டவரே, எனக்க எட்டுப் பேரையும் திருப்பித் தந்ததுக்கு ஸ்தோத்திரம்." எண்ணிப் பார்த்தேன். அம்மாவையும் என்னையும் தங்கமணி அக்காவையும் சேர்த்துச் சரியாக எட்டு.

வேண்டாம் என்றவர்தான் முதலில் ஒன்றைக் கடித்தார். மென்று, விழுங்கி, இன்னொன்றை எடுத்தார். "ஏனுங்க, இத்தன வருசமா இதையப் போயித் தலையிலயா கொட்டீட்டு இருந்தோம்?"

கிறிஸ்துமஸ் அன்று, தங்கமணி அக்காவுக்கு முந்திரிக்கொத்து போட்டுக் கொடுத்த எங்கள் தூக்குப்போசி கச்சாயத்தோடு திரும்பி வந்தது. இங்கே யாரும் பாத்திரத்தை வெறுமனே தருவதில்லை. அம்மா அதைத் தின்றுகொண்டே பொங்கல் லீவுக்குத் திட்டம் போட்டாள்: ஊருக்குப் போய், சித்திமாரை உட்கார வைத்து, கடலை எண்ணெயில் கச்சாயம். போனில் சித்தி, "கடல எண்ணையா? நீ திருப்பூர்க்காரி ஆயிட்டியேக்கா!" என்றாள். "இங்க என்னைய நாகர்கோயில்காரின்னுல்லா சொல்லுகாவ," என்று அம்மா சிரித்தாள்.

கடலை எண்ணெய் டின் பையில் ஏறிவிட்டது. லைன் நான் போடுவதாக இருக்கிறேன். இந்த முறை, மாவு எவ்வளவு நேரம் தேங்க வேண்டும் என்று தங்கமணி அக்காவிடம் முதலிலேயே கேட்டு எழுதிக்கொண்டேன்.