ஒரே கோகோக் குவியல்

கரீபியன் தீவான கிரெனடாவில் எங்கள் கோகோ எஸ்டேட்டுக்குப் பள்ளிப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். பிள்ளைகளைப் பார்த்தல்ல; சாக்லேட் எப்படி உருவாகிறது என்று நாங்கள் அவர்களுக்குக் காட்டும் கூத்தைப் பார்த்து.

அந்தக் கூத்தில் ஆடுபவள் வெர்னெட். சிறுவயதிலேயே இங்கே வேலைக்கு வந்தவள். அந்தக் காலத்தில், காய்ந்த கோகோக் கொட்டைகள் பளபளக்க வேண்டும் என்று வெறுங்காலால் அவற்றின் மேல் ஆடி ஆடி மிதிப்பாள். அதில் அழகு என்று ஒரு மண்ணும் இல்லை. காலெல்லாம் புளித்த வாடை, இடுப்பில் தீராத வலி. கல்யாணத்தன்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்போது எஸ்டேட் பச்சைக் கொட்டையாகவே விற்றுவிடுகிறது. உலர்த்துவதும் இல்லை, மிதிப்பதும் இல்லை. கிளவுடன் என்ற மேனேஜர் காய்ந்த பழைய குவியல் ஒன்றை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டு, வெர்னெட்டுக்குப் பூப்போட்ட பாவாடை வாங்கிக் கொடுத்து, பஸ் வந்தால் ஆடச் சொன்னார். இந்தக் கொட்டைதான் சாக்லேட் ஆகிறது என்று பிள்ளைகளிடம் அவரே கதை விடுவார். வருஷக்கணக்காக அதே குவியல்தான். பூஞ்சை பிடித்து, புழு வைத்து, கிட்டே போனால் மூக்கைப் பொத்த வேண்டும். ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வெளிநாட்டுச் சாக்லேட். சமையல்கட்டிலிருந்து தட்டில் கொண்டுவந்து நீட்டுபவள் நான். சீ, என்ன பிழைப்பு! வெர்னெட்டும் பொறுத்துக்கொண்டு ஆடினாள். அறுபதை நெருங்கியவளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

போன செவ்வாய்க்கிழமை ஒரு சின்னப் பெண் குனிந்து ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"துப்பு! துப்புடி கண்ணு!" ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெர்னெட் கத்தினாள். "அது சாக்லேட்டும் ஆகாது, ஒரு எழவும் ஆகாது. வருஷக்கணக்கா நான் மிதிச்சுக்கிட்டு இருக்கற குப்பை!"

டீச்சர் முகம் சுளித்தார். கிளவுடன் பல்லைக் காட்டினார்.

"சும்மா விளையாட்டுக்குச் சொல்றா, டீச்சர். ஏய் வெர்னெட், ஒண்ணு எடுத்துத் தின்னு காட்டு. பாரு, பிள்ளைங்க பயப்படுது."

வெர்னெட் ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. அதை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"நீங்க தின்னு காட்டுங்க, மிஸ்டர் கிளவுடன். கதை சொல்றது நீங்கதானே?"

பிள்ளைகள் எல்லாம் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

இந்த வாரம் வேறொரு பஸ் வந்தது. வேறொருத்தி ஆடினாள். காலடியில் அதே குவியல். பக்கத்தில் ஒரு பலகை மட்டும் புதிதாக நட்டிருந்தார்கள்: 'கொட்டைகளை வாயில் வைக்காதீர்கள்.'