மத்தியானத்தில் ஏறும் ஆறு

தண்ணீருக்கடியில் கற்கள் உருளும் சத்தம் முதலில் காதுக்கு எட்டுவதில்லை. உள்ளங்காலில் ஏறி, முழங்காலில் அதிர்ந்து, பிறகுதான் இடிபோலக் கேட்கும். மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் மாடிவீடொன்றில் வளர்ந்த எனக்கு, பாலத்தில் பஸ் போகையில் கீழே அகலமாகக் கிடக்கும் சென்ட் லோரன்ஸைத் தவிர வேறு ஆறு தெரியாது. எனக்குப் பதினொரு வயதான கோடையில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழத்தோட்டமொன்றில் வேலைசெய்த அம்மாவின் தம்பியைப் பார்க்க, அப்பா, அம்மா, நான் மூவரும் ஐந்து நாள் காரில் போனோம்.

மாமாவின் தோட்டத்தையொட்டி ஓடிய ஆறு, மலையுச்சிப் பனிப்பாறையின் காலடியில் பிறந்தது. பனி அரைத்த கல்மாவைக் கரைத்துக்கொண்டு வந்ததால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீரின் நிறத்தில் இருந்தது. கை வைத்தால் எலும்பு வலித்தது. மேலே சிறிய மின்நிலையம், கீழே தோட்டங்களுக்கு வெட்டிய வாய்க்கால், அதற்கும் கீழே ஊருக்குக் குடிநீர் என்று அந்தப் பள்ளத்தாக்கின் சீவியம் முழுவதும் அதில்தான் நடந்தது. வாய்க்கால் வாயை வந்து அடைக்கும் மரக்கட்டைகளை உழவு இயந்திரத்தால் இழுத்தெடுப்பது மாமாவின் வேலை.

"அத்தான், காலமை பனி இறுகிக் கிடக்கும், தண்ணி முழங்காலுக்குத்தான். வெயில் ஏறினாப் பனி உருகி, மத்தியானத்துக்குப் பிறகு ஆளை அடிச்சுக்கொண்டு போகும். கவனம்" என்று மாமா முதல் நாளே சொன்னார். அப்பா சிரித்தார். "ஒரு துளி மழை இல்லை, வெள்ளம் வருமாம்." தன்னைவிட இளைய மச்சான் தனக்குப் புத்தி சொல்வதை அவரால் தாங்க முடிந்ததில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆற்றில் இறங்கி நடந்து, நடுவிலிருந்த கல்திட்டில் பாய் விரித்துப் புட்டுச் சாப்பிட்டோம். வானத்தில் ஒரு மேகமில்லை. அம்மா இரண்டு தரம் "போவம்" என்றார். "இரும், என்ன அவசரம்" என்று அப்பா படுத்துவிட்டார். மத்தியானம் தாண்டி, கற்கள் உருளும் அதிர்வில் நாங்கள் துள்ளி எழும்பியபோது திட்டில் பாதியைக் காணவில்லை.

"நான் ஆழம் பாத்திட்டு வாறன், நில்லுங்கோ" என்று அப்பா இறங்கினார். பாதி வழியில் தண்ணீர் அவரைத் தூக்கிப் பாறையில் அடித்தது. கன்னம் கிழிந்து, எப்படியோ தோட்டப்பக்கக் கரையில் ஏறியவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி இறங்கவில்லை. அசையாமல் நின்றார்.

அம்மா தன் சால்வையால் என்னைத் தன் இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு மாமாவின் பேரைச் சொல்லிக் கத்தினார். வேரோடு வந்த மரமொன்று திட்டின் நுனியைப் பெயர்த்துக்கொண்டு போனது. வாய்க்கால் பக்கம் நின்ற மாமா, உழவு இயந்திரத்தை நேரே ஆற்றுக்குள் விட்டார். எங்களை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் இன்னொரு மரம் பக்கவாட்டில் மோதி, அவருடைய இடது காலை இயந்திரத்தோடு வைத்து நசுக்கியது. எலும்பு முறிந்தது அந்த இரைச்சலுக்குள்ளும் கேட்டது. கரையேறும்வரை அவர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. ஏறியதும் மயங்கிச் சரிந்தார்.

அம்மா நேரே போய் அப்பாவை அறைந்தார். இரத்தம் வழிந்த அதே கன்னத்தில், கை ஓயுமட்டும். "பாத்துக்கொண்டு நிண்டியேடா!" அவரை அம்மா ஒருமையில் பேசியது அன்று மட்டும்தான். அப்பா கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை.

முழங்காலுக்குக் கீழே கால் எடுக்கப்பட்ட மாமாவை மொன்றியலுக்குக் கூட்டிவந்தோம். புண் ஆறும்வரை கட்டுப்போட்டதும், குளிக்கவார்த்ததும் அப்பாதான். நான் மொன்றியலுக்கு மேற்கே புவாண்ட்-கிளேரில் வேலைக்குச் சேர்ந்த வருடம், என்னைக் காரில் இறக்கிவிட வந்தவரிடம் ஒருநாள் கேட்டேன்: "ஏனப்பா திரும்பி வரேல்லை?" ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பயம், பிள்ளை. வேற ஒண்டுமில்லை."

அம்மா இப்போது இல்லை. போன கோடையில் என் இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனேன். பனிப்பாறை மலைமுகட்டுக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டது. வாய்க்காலை மூடி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் மூன்று மணி. பிள்ளைகள் பிரெஞ்சில் கூச்சலிட்டபடி கணுக்கால் தண்ணீரில் ஓடினார்கள். அப்பாவுக்குப் போன் எடுத்து, ஆற்றுக்குள் நின்றுதான் கதைக்கிறேன், பிள்ளைகளும் நிற்கிறார்கள் என்று சிரித்தேன்.

"வெளியால வாங்கோ!" என்று அலறினார். தண்ணீரே இல்லை என்றேன். அவர் கேட்கவில்லை. "பிள்ளையளைத் தூக்கு! வெளியால வா, பிள்ளை, வெளியால!" நாங்கள் மூவரும் கரையேறிவிட்டோம் என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் வாயால் சொல்லும்வரை, அங்கே மொன்றியலில் அவர் கத்திக்கொண்டேயிருந்தார்.