தேயிலைப் பெட்டியில் கட்டிய பேஸ்

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் திருந்தினேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், பன்னிரண்டு வீடு ஒரே வரிசையாக ஒட்டிய லயத்தில் பதினோராவது வீடு எங்களுடையது. பன்னிரண்டாவது, அதாவது கோடி வீடு, அவனுடையது. தோட்டத்து லொறி ஓட்டுகிறவன். நான் தேயிலை பெக்டரியில் மெஷின் பார்க்கிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மச்சான், மச்சான் என்று ஒரே பீடியை ஆளுக்குப் பாதி இழுத்தவர்கள்.

அவன் மனைவி வெளிநாட்டில் வீட்டு வேலை செய்தாள். இரண்டாயிரத்துக்குப் பிந்திய ஏதோ ஒரு வருஷத்தில் லீவில் வந்தபோது ஒரு ஹோம் தியேட்டர் செட் கொண்டு வந்தாள். சின்னதாக ஐந்து ஸ்பீக்கர், அவற்றோடு கறுப்பாக ஒரு சப்வூஃபர் பெட்டி. அவள் திரும்பிப் போனதும் இவன் அதைத் தினமும் போட ஆரம்பித்தான். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது மணி வரை அடி. பாட்டு வராது, அடி மட்டும்தான் வரும். எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் இருக்கிறது, ஆனால் சுவர் கூரையை முட்டாது. கூரைத் தகரம் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே ஓட்டமாகப் போகும். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அப்படியிருக்க, பேஸ் அடித்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டு டம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பும்.

எனக்கு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். பெக்டரியில் நாள் முழுக்க ரோலர் சத்தத்தில் நிற்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? ஆனால் என் மகளுக்கு அந்த டிசம்பரில் பதினோராம் வகுப்பு சாதாரண தரப் பரீட்சை. எங்கள் லயத்தில் அதுவரை ஒரு பெண் பிள்ளைகூடக் கணக்கில் பாஸ் பண்ணியதில்லை. பாஸ் பண்ணினால் மேலே படிப்பாள், டீச்சராகலாம். இல்லாவிட்டால் அவள் அம்மாவின் கொழுந்துக் கூடை, அதுவும் இல்லாவிட்டால் கொழும்பில் யார் வீட்டிலோ பாத்திரம் தேய்ப்பது. பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் என்னைக் கூப்பிட்டே சொன்னார்.

"பிள்ளை கெட்டிக்காரி. பின்னேரத்தில அவவுக்கு ஒரு மூலையில அமைதி குடுங்கோ, போதும். மிச்சத்தை அவ பாத்துக்கொள்ளுவா."

ஒரு மூலை. அதைத்தானே அவனிடம் கேட்டேன்? தண்ணீர்ப் பீலியில் அவன் குளித்துக்கொண்டிருந்தபோது, தன்மையாகத்தான் கேட்டேன். ஏழெட்டுப் பேர் குடத்தோடு நின்றார்கள். அவன் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"வாங்க வக்கில்லாதவனுக்குத்தான்டா அடுத்தவன் வீட்டுப் பாட்டு காதுல குத்தும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். என் மாமியாரும் சிரித்தாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வக்கில்லாதவனா நான்? இரு, உன் வீட்டுச் சட்டியெல்லாம் உருள வைக்கிறேன் என்று அந்த இடத்திலேயே கறுவிக்கொண்டேன். பீலியில் இருந்து வீட்டுக்கு வந்த வழியிலேயே பரீட்சை பின்னால் போய்விட்டது என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வந்ததும் ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். கடையில் அவன் வைத்திருந்ததைப் போலவே ஒரு செட் இருந்தது. வாங்கலாம், காசு மட்டுமட்டாகப் போதும். தொட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம், எங்கள் வாயில் ரேடியோ பாஸ், அவரிடம் போனேன். ரிப்பேர் கடை வைத்திருந்த மனிதர், சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நானே ஒரு செட் கட்டினால் என்ன என்று கேட்டேன்.

"வாங்குங்க. செய்ய வேணாம்" என்றார். "ஸ்பீக்கர் நான் தாறேன், ஆம்ப் போர்டும் தாறேன். ஆனா பெட்டிதான் விசயம். முக்கால் இஞ்சி மொத்தத்துல பலகை வேணும், காத்து ஒழுகக் கூடாது. நீங்க கட்டுற பெட்டி பேஸ் அடிக்காது, பெட்டியே அடிக்கும்."

நல்லவர். சரியாகத்தான் சொன்னார். ஆனால் என் கணக்கு வேறு. வாங்கினால் அவனுக்குச் சமமாவேன், அவ்வளவுதான். செய்தால் அவனை மிஞ்சலாம். அவனுடைய பெட்டியில் ஆறரை இஞ்சி ஸ்பீக்கர். பாஸின் கடையில் பழைய கோயில் செட்டில் இருந்து கழற்றிய பன்னிரண்டு இஞ்சி கிடந்தது. அதைப் பார்த்ததும் என் வாய் ஊறியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்? மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

முக்கால் இஞ்சிப் பலகைக்கு எங்கே போவது? பெக்டரியில் தூள் எல்லாம் காகிதச் சாக்குக்கு மாறிய பிறகு, பழைய தேயிலைப் பெட்டிகள் ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. மெல்லிய பிளைவுட், ஓரமெல்லாம் தகரப் பட்டி. கேட்டு நாலு பெட்டி எடுத்தேன். இரண்டு இரண்டாக ஒட்டி, ஆணி அடித்து, நெஞ்சு உயரத்துக்கு ஒரு பெட்டி கட்டினேன். உள்ளே பஞ்சு அடைக்க வேண்டும் என்று பாஸ் சொல்லியிருந்தார். பஞ்சுதானே, பெக்டரியில் தூள் சலிக்கிற இடத்தில் தேயிலைப் பஞ்சு அடை அடையாகப் பறக்கிறதே, அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு வந்து அடைத்தேன். அந்த நேரத்தில் என் மூளையை மெச்சிக்கொண்டேன்.

முதல் நாள் போட்டேன். பெட்டியின் ஓட்டையில் இருந்து ஒவ்வொரு அடிக்கும் ஒரு வாய் தேயிலைத் தூசி பறந்தது. வீடு முழுக்க மண்நிறம். அடுப்படியில் இருந்து மனைவி தும்மிக்கொண்டே ஓடி வந்தாள்.

"மூட்டப்பூச்சிக்கு பயந்து வீட்டக் கொளுத்துன கத இதுதாங்க. ஒங்க வீம்புக்கு எம்புள்ளயப் பலி குடுக்காதீங்க!"

"ரெண்டே நாளு பொறுடி. அவன் அடங்கிருவான். அப்பறம் புள்ள நிம்மதியாப் படிக்கும்."

அவன் வீட்டில் சட்டி விழுந்தது. நான் சுவரோடு காதை வைத்துக் கேட்டேன். அலுமினியச் சட்டி ஒன்று, பிறகு மூடி, அது சுழன்று சுழன்று அடங்கியது. ஐயோ, அந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை. அடுத்த நாளும் போட்டேன், அதற்கு அடுத்த நாளும் போட்டேன்.

மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மேல் லயத்துக் கூட்டாளி வீட்டில் சேர்ந்து படிக்கப் போவதாக மனைவி சொன்னாள். எனக்கு நல்லதாகப் போயிற்று. பிள்ளைக்கும் இடைஞ்சல் இல்லை, இனி நான் கையைக் கட்டிக்கொண்டு சண்டை போட வேண்டியதில்லை.

அவன் அடங்கவில்லை. நான் போட்டால் அவனும் போட்டான். சுவருக்கு மேலால், அவன் வீட்டுக் கூரைப் பக்கம் இருந்து 'டுர்ர்... டுர்ர்...' என்று பதில் வரும். நான் கூட்டினால் அவனும் கூட்டுவான். நான் குறைத்தால் அவனும் குறைப்பான். திருட்டுப் பயல், என்னை நோட்டம் பார்க்கிறான் என்று பல்லைக் கடித்தேன். நான் நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான். பார், பயம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மாவைப் பிசைந்தாள்.

மூன்று வாரம். பரீட்சை தொடங்கிவிட்டது. ஒரு நாள் மாலை அந்த 'டுர்ர்' தாங்க முடியாத அளவுக்கு வந்தது. இன்றைக்கு இரண்டில் ஒன்று என்று என் செட்டை ஓட விட்டுவிட்டே, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் வாசலுக்குப் போனேன். கதவைத் தள்ளினேன்.

அவனுடைய செட் மூலையில் இருந்தது. மேலே அவன் மனைவியின் பழைய சேலை ஒன்றை மடித்துப் போர்த்தியிருந்தான். வயர் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. தலைக்கு மேலே அவன் வீட்டுத் தகரம், என் பெட்டி அடித்த அடிக்கு, ஆணி தளர்ந்த இடத்தில் 'டுர்ர்' என்று துடித்துக்கொண்டிருந்தது.

கோடி வீடு என்பதால் பக்கவாட்டில் மரக்கறித் தோட்டத்தை ஒட்டி அவன் கல்லில் ஒரு சின்ன அறை இறக்கியிருந்தான். என் சுவருக்கு எட்டாத அறை. அதில் அவன் மேசை போட்டு லைட் இழுத்துக் கொடுத்திருக்க, என் மகள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் பஞ்சு. பக்கத்தில் மூடி வைத்த பிளேன்டீ.

அவன் குரலை இறக்கிச் சொன்னான்.

"மச்சான், இன்னைக்கு ஒரு நா மட்டும் அத நிறுத்துங்க. நாளைக்குக் கணக்குப் பேப்பரு."

சிரித்திருந்தால் அடித்திருப்பேன். சிரிக்கவில்லை. பீலியில் என்னைச் சந்தி சிரிக்க வைத்தவன், அங்கே நான் கேட்டபோது ஒரு சுற்றுக் குறைக்காதவன், இப்போது என் பிள்ளைக்கு இடம் கொடுத்து, டீ ஊற்றி வைத்து, என்னை மச்சான் என்றான். இதைவிட ஒரு பழி உண்டா? மூன்று வாரமாக லயம் முழுக்கத் தெரியும். மனைவிக்குத் தெரியும். மாமியாருக்கும் தெரிந்திருக்கும். யாருமே எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்தச் சத்தத்தில் எனக்கு எங்கே கேட்டிருக்கப் போகிறது!

திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினேன். பெட்டியை உடைத்து அந்த வாரமே அடுப்பில் வைத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகை நன்றாக எரிந்தது. அவனிடம் நன்றி சொன்னேனா? சொல்லவில்லை. மனைவி எத்தனை தரம் பிடித்துத் தள்ளியும் போகவில்லை. அவன் சண்டைக்கு வந்திருந்தால் என்றோ சமாதானமாகியிருப்பேன்.

ரிசல்ட் வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் காத்திருந்தேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடி வரும் சத்தம் வாசலில் கேட்டது. எழுந்து நின்றேன். அந்தச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. பக்கத்துக் கதவு திறந்தது. கணக்கில் பாஸ் என்பதை அவள் அவனிடம் மூச்சு வாங்கச் சொன்னதை, சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுதான் நான் கேட்டேன்.