ஐந்நூறாவது ஆள்

நம்பாதவர்கள் இப்போதே எழும்பிப் போகலாம், கோபிக்கமாட்டேன். ஆனால் இது நடந்தது. நடந்தது தனஞ்சயனுக்கு. கொழும்பு வெள்ளவத்தை லொட்ஜில் என் பக்கத்து அறைக்காரன். பாலங்களைப் பார்க்கிற திணைக்களம் ஒன்றில் உத்தியோகம். பெண்சாதி, பிள்ளை கிளிநொச்சியில். பச்சைத் தண்ணியைக்கூடக் கேட்டுத்தான் குடிப்பான், அவ்வளவு நேர்மை. அந்தக் குணம்தான் அவனைத் தின்றது.

கால்வாய்க்குக் குறுக்கே ஒரு பழைய இரும்பு நடைபாலம் இருந்தது. தகடெல்லாம் துரு. நடுவில் ஓட்டைக்குள்ளால் தண்ணீர் தெரியும். கால் வைத்தால் டங்... டங்... என்று பக்கத்து ஒழுங்கைக்கும் கேட்கும். திருத்த அரசாங்கக் காசு வேண்டுமென்றால், ஒரு நாளில் ஐந்நூறு பேராவது அதால் போகவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் காசு எங்கேயோ நல்லாயிருக்கிற றோட்டுக்கு இன்னொரு தார்க் காபட் போடப் போய்விடும்.

எண்ணுவதற்கு இரண்டு பேர். கரைக்கு ஒருவர். பாலத்தால் போகிற ஒவ்வொரு ஆளுக்கும் கையிலிருக்கிற சின்னக் கருவியில் ஒரு அமுக்கு. இரண்டு கணக்கும் ஒத்துவரவேண்டும். வராவிட்டால், குறைந்ததைத்தான் எழுதவேண்டும்.

அன்றைக்கு இந்தக் கரையில் தனஞ்சயன். அந்தக் கரையில் கூட வேலை செய்கிற சுமன், ஹட்டன்காரன். காலையிலிருந்து பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான் தனஞ்சயன். நூற்றுக்கணக்கில் சனம் போனது. ஒருவராவது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே. இவ்வளவு சனத்துக்கு நடுவில் தனிச்சுக் கிடப்பது பெரிய கொடுமை.

பின்னேரம் வானம் கறுத்தது. மழை இன்னும் விழவில்லை. ஆறு மணிக்கு எண்ணுவதை நிறுத்தவேண்டும். ஐந்து ஐம்பத்தைந்து. கணக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. ஒரே ஒரு ஆள் வந்தால் போதும். ஒழுங்கை வெறிச்சோடிக் கிடந்தது.

அப்போதுதான் அவள் வந்தாள். இளம் பெண். பச்சைப் பஞ்சாபி உடுப்பு.

"சாப்பிட்டீங்களோ அண்ணா?"

அன்றைக்கு அவனோடு வாய் திறந்த முதல் ஆள்.

"ஓம் தங்கச்சி."

அவள் தலைமயிர் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. மழைதான் இன்னும் இல்லையே...

"என்னையும் எண்ணுவீங்கள்தானே?"

"ஓம். எண்ணுறன்."

கிளிக். ஐந்நூறு.

அவள் பாலத்தில் ஏறினாள். அவனுக்கோ சந்தோசம். பாலம் தப்பிவிட்டது. பிறகுதான் ஏதோ உறைத்தது.

சத்தமில்லை.

தகட்டில் கால் படுகிறது... டங் இல்லை.

நடுப்பாலத்தில் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

கடற்கரைப் பக்கம் ரயில் கூவியது. ஒரு கணம்தான் கண்ணை எடுத்தான்.

திரும்பினால்...

பாலத்தில் ஒருவருமில்லை.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். தண்ணீர் அசையாமல் கிடந்தது. போனை எடுத்தான்.

"சுமன், ஒரு பொம்பிளை வந்தவவோ?"

"யாரும் வரலியே அண்ணே."

"பச்சை உடுப்பு..."

"ஆளே இல்ல அண்ணே. நான் பாலத்தையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மழை பிடித்தது. ஆறு மணி கழிந்து சுமன் இந்தக் கரைக்கு வந்தான். அவன் கணக்கில் ஒன்று குறைவு.

"ஐந்நூறுன்னே போட்டுருங்க அண்ணே. ஒரு ஆளுதானே."

தனஞ்சயனுக்கு மனம் கேட்கவில்லை. போய்ச் சேராத ஆளை எப்படி எழுதுவது? எண்ணுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவளைக் கழித்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். பாலத்துக்குக் காசு வரவில்லை. 'கவனம்' என்று ஒரு பலகை மட்டும் வந்தது.

அடுத்த வருச மழையில் நடுத் தகடு கழன்றது. ஒரு பெண் கால்வாய்க்குள் போய்விட்டாள். மறுநாள் காலிக்குப் போகிற பெரிய வீதி மின்கம்பத்தில் படத்தோடு மரண அறிவித்தல் ஒட்டியிருந்தது. என்னோடு வந்த தனஞ்சயன் அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டான். நான் கையைப் பிடித்து இழுத்தும் அசையவில்லை. "அவள்தான்" என்று மட்டும் சொன்னான்.

இரண்டு பேரும் பிரேதம் வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனோம். பெயர் ரூபிகா. வாசலில் தமையன் நின்றார்.

"தங்கச்சி போன வருசமும் அந்தப் பாலத்தால போறவவோ?" தனஞ்சயன் கேட்டான்.

"இல்லைத் தம்பி. அவள் கொழும்புக்கு வந்தே ரெண்டு கிழமைதான். அதுக்கு முந்தி முல்லைத்தீவை விட்டு வெளிக்கிட்டதில்லை."

தமையன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முந்தநாள்கூடப் போனில சொன்னவள். பாலத்தடியில ஒரு அண்ணா கதிரை போட்டு ஆக்களை எண்ணிக்கொண்டு இருக்கிறாராம். ஒருத்தரும் அவரோட கதைக்கிறேல்லையாம். பாவமாக் கிடக்கு, நாளைக்கு நான் கதைக்கப்போறன் எண்டவள்."

ரூபிகா செத்த வருசம் அந்தப் பாலத்தில் எண்ண ஒருவரும் போகவில்லை.