தொண்ணூற்றொன்பது பேர்

தொற்றுநோய்க்கு முன்பு தற்கொலையில் அந்த மாவட்டத்துக்குத்தான் முதலிடம். ஊரடங்கு வருஷத்தில் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. சாவு குறையவில்லை. போலீஸ் அறிக்கை வராத சாவையெல்லாம் ‘காரணம் தெரியவில்லை’ என்ற கட்டத்தில் போட்டுவிடலாம் என்று புள்ளிவிவரக் குமாஸ்தா வழி கண்டுபிடித்திருந்தார். பாராட்டுக் கடிதமும் வாங்கினார்.

தையல்கடையை மூடிவிட்டு உயிரை மாய்த்துக்கொண்ட அவருடைய தம்பியும் அந்தக் கட்டத்தில்தான் கிடந்தான். அவன் போன நாளிலிருந்து அவன் மகள் அரசு மருத்துவமனை ஆலோசகரிடம் மட்டும்தான் வாய் திறந்தாள். மாவட்டத்தில் நூறு தற்கொலை இருந்தால்தான் ஆலோசகர் உண்டு. கணக்கில் இருந்தது தொண்ணூற்றொன்பது.

“சார், என் தம்பியை மட்டும் மாத்திப் போட்டுக்கறேன். கடுதாசி எழுதி வச்சிட்டுத்தான் சார் போனான்.”

“போலீஸ் அறிக்கை வந்துச்சா?”

“இன்னும் வரலை சார்.”

“அப்புறம் என்னய்யா? நீர் போட்ட விதி, உம்ம வீட்டுக்கு மட்டும் வளையுமா?” மேலதிகாரி டீயை உறிஞ்சினார்.

அடுத்த வாரம் ஆலோசகரின் அறை பூட்டிக் கிடந்தது. கதவில் ‘தற்கொலையைப் பாதியாகக் குறைத்த மாவட்டம்’ என்ற தலைப்பில் குமாஸ்தாவின் அட்டவணையை ஒட்டியிருந்தார்கள். சிறுமி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, கூட்டிவந்த குமாஸ்தாவிடம் முதல்முறையாக வாய் திறந்தாள்.

“பெரியப்பா, இதுல அப்பா எங்க?”

அவர் ‘காரணம் தெரியவில்லை’ கட்டத்தைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு அவள் அவரிடமும் எதுவும் கேட்கவில்லை.