கதவைத் தட்டினால் நாய் வந்து சொல்லும்

என் நாய்க்கு நான் பெயர் வைக்கவில்லை. வைத்துக் கூப்பிட்டாலும் அது வரும்போதுதான் வரும். அது கூப்பிட்டால் நான் உடனே எழுந்து போக வேண்டும். எங்கள் வீட்டு ஏற்பாடு அப்படி.

நான் டெய்லர். சங்கரன்கோவிலில் வீட்டு முன்னறையிலேயே மிஷின் போட்டிருக்கிறேன். தனிக்கட்டை. நாற்பதுக்கு மேல் காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகி, ஐம்பதில் அநேகமாகக் கழன்றுகொண்டது. எதிரில் நின்று சத்தமாகப் பேசினால் வாயையும் பார்த்துக்கொண்டு பாதி புரிந்துகொள்வேன். மீதியைச் சிரித்துச் சமாளிப்பேன். காது மிஷின் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மின்விசிறி சுற்றுவது மட்டும் மிகத் தெளிவாகக் கேட்டது. அது இப்போது பட்டன் டப்பாவில் கிடக்கிறது. காது போனதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்பாத டெய்லருக்குத் தலைக்கனம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். செவிடன் என்பதற்கு அது தேவலை என்று விட்டுவிட்டேன்.

அந்த வீம்புதான் என்னை அக்காவிடமிருந்து பிரித்தது. அக்கா கரிவலம்வந்தநல்லூரில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை. அதுவும் வீடு தேடி வந்து, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். எனக்கு வரவேயில்லை. பட்டுச்சேலை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்ததுதான் மிச்சம். மேடையில் மாலை எடுத்துக் கொடுத்தது ஒன்றுவிட்ட தம்பி என்று பிறகு கேள்விப்பட்டேன். கூடப் பிறந்தவளே மதிக்கவில்லை, நமக்கென்ன என்று நானும் பேச்சை விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து, எதிர் டீக்கடை அண்ணாச்சி பேச்சுவாக்கில் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

"ஒம்ம அக்கா தட்டும் கையுமா வந்து அரை மணி நேரம் கதவத் தட்டுனாவளே வே. ஜன்னல் வழியா ஒம்மப் பாத்துட்டு அழுதுட்டுல்லா போனாவ. நீரு திரும்பவே இல்லயே."

நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிஷின் மிதித்திருக்கிறேன். வாசலில் அழுதுகொண்டு நின்றவள் பார்த்தது அந்த முதுகை. மறுநாளே ஓடிப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் காது போனதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே.

அக்கா வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக நாயைப் பழக்கினேன். வெட்டுத்துணிக் குவியலில் வந்து படுத்துக்கொண்ட தெருநாய் அது. காது கேளாதவர்களுக்கு உதவ வெளிநாட்டில் நாய்களைப் பழக்குகிறார்கள் என்று போனில் பார்த்திருந்தேன். கதவைத் தட்ட ஆள் வேண்டுமே என்று அண்ணாச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும் வே" என்றார்.

அவர் தட்டுவார். நாய் என் காலைத் தொட வேண்டும். தொட்டால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டது, கொஞ்சம் அதிகமாகவே. எந்தச் சத்தம் கேட்டாலும் முட்டை உண்டு என்று அது முடிவுகட்டிவிட்டது. வாசல் கதவு, குக்கர் விசில், காய்கறி வண்டியின் மைக் எல்லாவற்றுக்கும் வந்து சொன்னது. பக்கத்து வீட்டுக் குக்கரையும் விட்டுவைக்கவில்லை, விசிலுக்கு ஒரு தடவை வந்து சொன்னது. ஒருநாள் நான் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "நாலு விசில் ஆயிட்டும்மா" என்றேன். கூப்பிட்டாலே திரும்பாதவன் விசிலை எண்ணிச் சொன்னதைக் கேட்டு அந்த அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். மிஷின் மிதிக்கும்போது என் பாதத்தின் மேல் பாதத்தை வைத்து அழுத்துவதுதான் அதன் பாணி. ஊரில் காலர் கோணலாக யாராவது போனால், அந்த நேரம் எங்கோ ஒரு குக்கர் கத்தியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஆவணியில் அக்காவின் இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம் என்று அண்ணாச்சிதான் சொன்னார். நான் தினமும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தைக்க உட்கார்ந்தேன். நாய் காலைத் தொடும்போதெல்லாம் ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். சிலிண்டர் வந்தது, கூரியர் வந்தது, அளவு ஜாக்கெட்டோடு ஆட்கள் வந்தார்கள். அக்கா வரவில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. இந்தத் தடவையும் மேடையில் வேறொருவன் மாலையை எடுத்துக் கொடுத்துவிட்டால் அக்கா என்று எனக்கு ஒருத்தி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

நாயை மொபெட்டில் முன்னால் நிற்க வைத்துக் கிளம்பினேன்.

அத்தான் பத்திரிகை வைக்க வெளியூர் போயிருந்தார். அக்கா தனியாகக் கூடத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மொச்சை நாலாபக்கமும் சிதற எழுந்தாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாலே ஒனக்கு? கதவத் தட்டித் தட்டிக் கை வலிச்சுப் போய் வந்தேன். என்னலே பண்ணுனேன் ஒனக்கு?"

தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். எனக்கே ஒரு சொல் விடாமல் கேட்டது. இவ்வளவு கோபமா என்று மலைத்துப் போனேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காது போனது, மறைத்தது, அண்ணாச்சி சொன்ன பிறகும் வராமல் இருந்தது. அக்கா இமைக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவில்லை போல என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து நாய் என் பாதத்தை மிதித்தது. அடுப்படிக்குள் ஓடியது, திரும்பி வந்து மறுபடி மிதித்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். குக்கரில் தண்ணீர் வற்றிப் பருப்பு கருகி, தீய்ந்த வாடை அடித்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் அக்கா நிற்கிறாள்.

"எத்தன விசிலுக்கு வச்ச?" என்றேன்.

"விசில் இன்னும் வரலயே" என்றாள்.

நான் குக்கரைக் காட்டினேன். அவள் குக்கரைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வருஷமா இப்படித்தாம்லே இருக்கு. யாருகிட்டயும் சொல்லல. ஒங்க அத்தானுக்கே தெரியாது. கூப்பிட்டா ஏன்னு கேக்க மாட்டேங்கேன், எனக்குத் திமிருன்னு நெனச்சுக்கிட்டு இருக்காவ."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் யார் சிரித்தது என்று ஞாபகம் இல்லை. சிரித்துச் சிரித்து எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வீம்பைத்தான் கொடுத்திருக்கிறார்கள் எங்களைப் பெற்றவர்கள். நாய் மட்டும் முட்டைக்காக நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். முறைப்படி மறுநாள் என் வீட்டுக்கு வந்து பத்திரிகை வைப்பதாகச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்துவதாக நினைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"மேடையில ஐயர் கூப்பிட்டா எனக்குக் கேக்காதுலே. சம்பந்தக்காரங்க முன்னால முழிச்சுக்கிட்டு நிப்பேன். நீ எம் பக்கத்துலயே நின்னுக்கோ."

"எனக்கு மட்டும் கேக்குமாக்கா?"

அக்கா நாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதையும் மேடைக்குக் கூட்டிட்டு வா" என்றாள்.