சுவரிடம் மட்டும் சொன்ன சேதி

முதலில் கண்டுபிடித்தவள் தையல்காரிதான். இங்கே வியட்நாமில், 'பென் தான்' என்ற சந்தையில் 'ஆவ் யாய்' (வியட்நாமியப் பெண்கள் உடுத்தும் நீள அங்கி) தைக்கக் கொடுத்திருந்தேன். அதற்குக் கழுத்துப் பட்டை இறுக்கமாக உட்கார வேண்டும். நாடாவை என் கழுத்தில் வைத்தவள், எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். போன தடவை அளவு இதில்லையே என்றாள். தின்றது கொஞ்சமா என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். இடப்பக்கம் ஏதோ ஒன்று கூடவே ஏறி இறங்கியது. வலி இல்லை. இதே வழியில் இப்போது நடந்துகொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: வலி இல்லை என்பதே நம்மை ஏமாற்றும்.

தைராய்டில் (கழுத்தின் முன்புறம் உள்ள சுரப்பி) கட்டி என்றார்கள். ஊசி குத்தித் திசு எடுத்தார்கள். முடிவு வந்த அன்று மருத்துவமனை நடைபாதையில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்ததும் தாதி கையமர்த்தி, என் கணவரை மட்டும் உள்ளே அழைத்துப் போனாள். உடம்பு என்னுடையது, நாற்காலி அவருக்கு. இந்த ஊரில் பெரிய வியாதி என்றால் முதலில் வீட்டாரிடம்தான் சொல்வார்கள். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது?

வெளியே வந்தவர் என் பையைத் தானே வாங்கிக்கொண்டார். முப்பது வருடத்தில் அவர் என் பையைத் தூக்கியதில்லை.

"சாதாரணக் கட்டிதான் வாசுகி. எடுத்துட்டா சரியாப் போயிடும்."

"சாதாரணக் கட்டின்னா எதுக்கு எடுக்கணும்?"

"எடுக்கணும்னு சொல்றாரு. எல்லாத்துக்கும் கேள்வி கேப்பியா நீ?"

என் கணவர் ராமநாதன் 'பின் யுவோங்' என்ற பக்கத்து மாகாணத்தில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையின் மேலாளர். சாமி படம் போட்ட நாட்காட்டியைக்கூட வீட்டில் மாட்ட விடமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் என்னை மாரியம்மன் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் காப்பி குடித்தபடி காத்திருப்பார். அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் இறங்கினேன்.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. கருவறைக்குப் பின்னால் போய், கற்சுவரில் நெற்றியை வைத்து, வேண்டுதலைச் சுவரிடம் கிசுகிசுப்பார்கள். தமிழர்களைவிட வியட்நாமியர்கள்தான் அதற்கு அதிகம் நிற்பார்கள். நான் சுற்றி வந்தபோது அந்த வரிசையின் முன்னால் என் கணவர் நின்றிருந்தார். சுவரோடு முகம் ஒட்டி, உதடு அசைந்துகொண்டிருந்தது. சுவருக்குத் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியக்கூடாதாம்.

அவரிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் தனியாக டாக்டரிடம் போனேன்.

டாக்டர் தாங் ஓய்வு வயதைத் தாண்டியவர். ஆங்கிலத்தில் அதே சாதாரணக் கட்டிப் பாட்டைத் தொடங்கினார். அவருடைய சுவரில் மின்ஸ்க் நகரத்துப் பட்டம் ஒன்று சட்டமிட்டுத் தொங்கியது. அந்தக் காலத்தில் வியட்நாமியர்கள் நிறையப் பேர் சோவியத் நாட்டில்தான் படித்தார்கள். நானும் அங்கே படித்தவள்தான். காரைக்காலிலிருந்து உதவித்தொகையில் கீவ் நகரத்துக்குப் பொறியியல் படிக்கப் போனேன்.

மறந்துபோயிருந்த ரஷ்ய மொழியைத் தட்டித் தடவி எடுத்தேன். "டாக்டர், செர்னோபில் அணு உலை வெடித்தபோது நான் கீவில் இருந்தேன். இப்போது உண்மையைச் சொல்லுங்கள்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என் கழுத்தைப் பார்த்தார். பிறகு ரஷ்ய மொழியிலேயே, "புற்றுநோய்தான். குணப்படுத்தக்கூடிய வகை" என்றார்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் பயந்துவிடுவீர்கள் என்று உங்கள் கணவர் சொன்னார். உங்கள் நன்மைக்காகத்தான்."

"அன்றைக்குக் கீவில் அதிகாரிகளும் அதைத்தானே சொன்னார்கள்?"



செர்னோபில் வெடித்த அந்த வசந்தத்தில் எங்கள் விடுதி ஜன்னல்கள் எல்லாம் திறந்தே கிடந்தன. நல்ல வெயில். திடீரென்று தண்ணீர் லாரிகள் தெருக்களைக் கழுவத் தொடங்கின. மே தினத்துக்காகச் சுத்தம் செய்கிறார்கள் என்றார் விடுதிக் காப்பாளர். செய்தித்தாளில் மூலையில் சில வரிகள், விபத்து, நடவடிக்கை எடுக்கப்பட்டது, அவ்வளவுதான். நாங்கள் அணிவகுப்பில் நடந்தோம், ஐஸ்கிரீம் தின்றோம். அதற்கு மறுநாள் காரைக்காலிலிருந்து அப்பாவின் தந்தி வந்தது: உடனே புறப்படு. காரைக்காலில் இருந்தவருக்குத் தெரிந்தது, பக்கத்திலேயே இருந்த எனக்குத் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்துங்கள் என்று எங்களுக்குச் சொன்னது அணிவகுப்பெல்லாம் முடிந்த பிறகுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்பார்கள். அவர்கள் ஒரு வானத்தையே மறைத்தார்கள்.

"இது அதனால் வந்ததா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"குழந்தையாக இருந்திருந்தால் ஆம் என்று சொல்ல வாய்ப்பு அதிகம். உங்களுக்கு அப்போது இருபது வயது. அங்கே போகாதவர்களுக்கும் இது வருகிறது." கொஞ்சம் நிறுத்தினார். "எனக்குத் தெரியாது. அன்றைக்கு நானும் மின்ஸ்க் மழையில் நனைந்தேன். என் கழுத்தை நானே வருடா வருடம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்."

எனக்கு ஒரு குற்றவாளி வேண்டியிருந்தது. அந்த நாடே இப்போது இல்லை. அன்று பேசாமல் இருந்தவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்கமாட்டார்கள். யார் மேல் கோபப்படுவது? வீட்டுக்குப் போய்க் கணவர் மேல் கோபப்பட்டேன்.

"சுவர்கிட்ட சொன்னீங்களே, எங்கிட்ட சொல்ல வாய் வரலியா?"

"நீ ஒடஞ்சு போயிடுவேன்னு நெனச்சேன்."

"ஒடஞ்சது நீங்கதான்" என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் தோசை சாப்பிட்டோம்.

அறுவை சிகிச்சையில் சுரப்பியை எடுத்தார்கள். மிச்சமிருக்கும் செல்களை அழிக்கக் கதிரியக்க அயோடின் (தைராய்டு செல்கள் உறிஞ்சிக்கொள்ளும், கதிர் வீசும் மருந்து) கொடுத்தார்கள். கீவ் காற்றில் வந்ததும் இதே அயோடின்தான். அன்று கேட்காமல் கொடுத்தார்கள், இன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். மாத்திரையை விழுங்கும்போது சிரிப்பும் வந்தது, குமட்டலும் வந்தது. ஈயக் கதவு போட்ட அறையில் தனியாக இருந்தேன். தாதி சோற்றைக் கதவருகே வைத்துவிட்டு ஓடிவிடுவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் இப்போது ஒரு சின்ன அணு உலை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார். கொஞ்ச காலம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நெருங்கவே கூடாது.

தாவோ தியென் என்ற பகுதியில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், பக்கத்து வீட்டுப் பெண் லான் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். மாலையானால் ரசம் குடிக்க வருவாள். என்னை ஒட்டி உட்கார்ந்து, குழந்தை உதைக்கும்போது என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொள்வாள். நான் திரும்பிய அன்று லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே அவள்தான் நின்றாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. நான் பின்னால் நகர்ந்து பொத்தானை அழுத்தினேன். அவள் முகத்தின் மேல் கதவு மூடிக்கொண்டது.

"நீ ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லிடலாம். உள்ளேயே இரு" என்றார் கணவர். "விஷயம் தெரிஞ்சா மொத்தக் கட்டடமும் பயந்துடும். வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. யாருக்கும் ஆபத்தில்லாத அளவுதானே? எதுக்கு வீணா பீதியக் கிளப்பணும்?"

பீதி. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் என்னைக் குழப்பியது. அன்று அந்த அதிகாரிகளும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதே நியாயத்தைத்தான் பேசியிருப்பார்கள். அவர்களை அரக்கர்கள் என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். எங்கள் சாப்பாட்டு மேசையில் அவர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

பால்கனிக்குப் போய், தூரத்தில் நின்றபடியே லானைக் கூப்பிட்டேன். ஆங்கிலமும் அரைகுறை வியட்நாமியமுமாக எல்லாவற்றையும் சொன்னேன். புற்றுநோய், மாத்திரை, என் உடம்பிலிருந்து வருவது, அவள் வயிறு.

"எவ்வளவு தூரம் பத்திரம், கோ?" என்று கேட்டாள். 'கோ' என்றால் அத்தை.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் வயிற்றை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். மறுநாள் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

கட்டடம் முழுக்கச் சேதி பரவியது. நான் வந்தால் காவலாளி லிஃப்டைக் காலி செய்து கொடுத்தார். மகாராணி மாதிரி தனியாக ஏறி இறங்கினேன். வீட்டின் சொந்தக்காரர் என் கணவருக்கு இரண்டு முறை போன் செய்தார். "இப்ப சந்தோஷமா?" என்றார் கணவர். இல்லை. செய்தது சரியா என்றுகூடத் தெரியவில்லை. ஒரு பெண்ணை அவள் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கிறேன் என்று சில நாள் தோன்றும். உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பதெல்லாம் சும்மா.

அந்த அயோடினுக்கு அரைவாழ்வு (கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் காலம்) எட்டு நாள். பாதி, பாதியில் பாதி என்று தேய்ந்துகொண்டே போகும், பூச்சியம் என்று ஒரு நாள் வராது. நான் இப்போது காலத்தை அப்படித்தான் பார்க்கிறேன். எதுவும் முடிவதில்லை, குறைகிறது. கீவின் அந்த வெயில்கூட எனக்குள் ஏதோ ஒரு மூலையில் குறைந்துகொண்டிருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கழுத்துத் தழும்பைத் தடவினால் பதில் கிடைப்பதில்லை.

டாக்டர் சொன்ன காலமெல்லாம் தாண்டிய பிறகு ஒரு காலை, லிஃப்டில் நின்றிருந்தேன். வாசலில் லான் வந்து நின்றாள், மார்பில் துணிக்கட்டுக்குள் குழந்தையோடு. காவலாளி அவளைத் தடுக்கப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்து, "முடிஞ்சுதா, கோ?" என்றாள்.

"முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்றார்" என்றேன். "எனக்குத் தெரியலை."

அவள் யோசித்தாள். கதவு மூடப் போனது. கையை நீட்டித் தடுத்து, உள்ளே வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நான் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

தெரியாது என்று கீவில் அவர்கள் அன்றே சொல்லியிருந்தால் போதும். நான் அன்றே ஜன்னலைச் சாத்தியிருப்பேன்.